கடைசியில் அது யார் கைக்குப் போகிறது?

எங்கள் கம்பெனியில் செய்யும் வால்வுகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கும் நீராவிக்கும் உரியவை. கோவையிலிருந்து லாரி ஏறி, தூத்துக்குடியிலோ கொச்சியிலோ கப்பல் ஏறிவிடும். யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. சிக்கலெல்லாம் உள்பக்கம் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக் லைனிங் கொடுத்த வால்வில்தான். அதை அமிலம் அரிக்காது. மருந்து ஆலை, சாய ஆலை, உர ஆலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ரசாயன ஆயுதம் தயாரிக்கிற ஆலைக்கும் வேண்டும். அங்கே குழாயில் ஓடுவதும் இரும்பைத் தின்கிற சமாசாரம்தான்.

அதனால் 10 மி.மீ.க்கு மேற்பட்ட அளவில் இந்த வகை வால்வு இருந்தால் அது ‘ஸ்கோமெட்’ பட்டியலின் மூன்றாம் பிரிவுக்குள் வந்துவிடும். ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களுக்கு இந்திய அரசு வைத்திருக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் அது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. பம்புக்கும் அப்படித்தான். அமிலம் தாங்கும் பொருளில் செய்த, கசிவைத் தடுக்கும் சீல் தேவைப்படாத வகைப் பம்பு மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் இறைத்தால் பட்டியலில் சேர்ந்துவிடும். நம் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரே அதைவிட அதிகம் இறைக்கும்.

ஏற்றுமதிப் பிரிவுக்கு வந்த புதிதில் இந்த எண்களை டெல்லியில் யாரோ உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவற்றின் பூர்வீகம் வேறு. ஈரானோடு நடந்த போரில் ஈராக் ரசாயன ஆயுதம் பயன்படுத்தியதை 1984-இல் ஐ.நா. குழு உறுதி செய்தது. மூலப்பொருளும் கருவிகளும் எங்கிருந்து போயின என்று பார்த்தால், பல மேற்கத்திய நாடுகளின் கம்பெனிகள் சாதாரண வியாபாரமாகவே விற்றிருந்தன. ஒவ்வொரு நாடும் அவசரமாகத் தடை போட்டது, ஆனால் ஆளுக்கொரு பட்டியல். வாங்குகிறவன் எந்த நாட்டில் ஓட்டை இருக்கிறதோ அங்கே போனான். 1985 ஜூனில் ஆஸ்திரேலியா முன்கை எடுத்து பிரஸ்ஸல்ஸில் ஒரு கூட்டம் கூட்டியது. ‘ஆஸ்திரேலியா குழு’ உருவானது அப்படித்தான். கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பட்டியலை எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்வது, ஒரு நாடு மறுத்த ஆர்டரை இன்னொரு நாடு கலந்து பேசாமல் எடுக்காமல் இருப்பது, அவ்வளவுதான். இந்தியா 2018 ஜனவரியில் இதில் சேர்ந்தது.

இந்த இரண்டாவது ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. விற்பனைப் பிரிவில் எப்போதும் ஒரே புலம்பல்: “நாம குடுக்கலைன்னா ஜெர்மன்காரன் குடுத்துட்டுப் போறான்.” ஜெர்மன்காரரும் இதே படிவத்தைத்தான் நீட்டுவார் என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் சீனா அந்தக் குழுவில் இல்லை. தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதை எடுத்துச் சொன்னால் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

ஒரு முறை வளைகுடாவில் உள்ள டிரேடிங் கம்பெனி ஒன்று லைனிங் வால்வு கேட்டு எழுதியது. விலை பேரம் இல்லை, முழுப் பணமும் முன்பணமாகத் தருகிறோம் என்றார்கள். எங்கள் டிசைன் இன்ஜினியர்தான் முதலில் முகம் சுளித்தார். டேட்டா ஷீட்டில் என்ன திரவம் ஓடும் என்ற இடத்தில் ‘ஜெனரல்’ என்று எழுதியிருந்தது. எந்த அமிலம், எத்தனை டிகிரி, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லாமல் லைனிங் வால்வு வாங்குகிறவர் யார்? சாதாரண வால்வைப் போலப் பல மடங்கு விலை அதற்கு. ஸ்பேர் வேண்டாம், பொருத்திக் கொடுக்க ஆள் வேண்டாம் என்பது அடுத்த வரி. டெலிவரி முகவரி ஒரு சரக்கு ஏஜென்ட்டின் கிடங்கு.

கடைசியில் பயன்படுத்தப்போகிறவரின் லெட்டர்ஹெட்டில் எண்ட் யூஸ் சர்டிபிகேட் வேண்டும் என்று எழுதினேன். சொன்ன வேலைக்குத்தான் பயன்படுத்துவேன், இந்திய அரசின் அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். விற்பனை மேலாளருக்குக் கோபம். “ஏம்மா, பார்ட்டி முழுப் பணமும் தர்றேங்கறான். நீ என்னமோ பொண்ணு குடுக்கற மாதிரி விசாரிச்சுட்டு இருக்கே!” சார், அவர் எந்த ஊர் மாப்பிள்ளை என்றாவது தெரிய வேண்டாமா என்றேன். சிரித்துவிட்டார், ஆனால் கோபம் போகவில்லை.

அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வரவேயில்லை. ஏதோ பெரிய சதியை முறியடித்துவிட்டதாக நான் நினைத்துக்கொள்ளவும் இல்லை. இடையில் நிற்கிற வியாபாரிகள் கடைசி வாடிக்கையாளரின் பெயரை மறைப்பது சகஜம். பெயர் தெரிந்தால் நாங்கள் நேரடியாகப் போய் விற்றுவிடுவோம் என்ற பயம். திருட்டுத்தனமா, வியாபார ரகசியமா என்று மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இந்த வேலையில் அதுதான் எனக்குக் கடைசிவரை உறுத்துவது.

ஆனால் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தையோடைகிளைகால் என்று ஒரு ரசாயனம், பேனா மைக்கும் சாயத் தொழிலுக்கும் பயன்படுவது. மஸ்டர்ட் வாயு என்ற ரசாயன ஆயுதத்துக்கும் அதுதான் மூலப்பொருள். ஃபிரான்ஸ் வான் அன்ராட் என்ற நெதர்லாந்து வியாபாரி அதை ஈராக்குக்கு விற்றார். 1988 மார்ச்சில் ஈராக்கின் ஹலப்ஜா என்ற ஊரில் அந்நாட்டுப் படையே வீசிய ரசாயன வாயுவில் குர்து மக்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 2005-இல் ஹேக் நீதிமன்றம் போர்க்குற்றத்துக்குத் துணைபோனதாக அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது.

மலேசியக் கதை என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைத்தது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை துபாய் ஆர்டருக்காகத் துல்லியமான உலோகப் பாகங்கள் கடைந்து கொடுத்தது. 2003 அக்டோபரில் ‘பிபிசி சைனா’ என்ற கப்பலை இத்தாலியின் டரான்டோ துறைமுகத்துக்குத் திருப்பிப் பிரித்தபோது அந்தப் பாகங்கள் கிடைத்தன. லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள் அவை, அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் கருவிக்கு உரியவை. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் நடத்திய அணுத் தொழில்நுட்பக் கள்ளச்சந்தை வலைப்பின்னல் வெளியே வந்த வழிகளில் இதுவும் ஒன்று. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கென்று நினைத்துத்தான் செய்தோம் என்றது அந்தத் தொழிற்சாலை. லேத்தில் நின்றவர்களைப் பொறுத்தவரை அதை நான் நம்புகிறேன். அடுத்த ஏப்ரலிலேயே ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1540-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, பேரழிவு ஆயுதங்களுக்கான பொருள்கள் இப்படிக் கைமாறுவதைத் தடுக்க எல்லா நாடுகளும் சட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. இந்தியாவின் பேரழிவு ஆயுதச் சட்டம் 2005-இல் வந்தது.

ஏற்றுமதியாளர்களுக்கான விளக்கக் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் எழுந்து நேராகவே கேட்டார்: “நம்மள அடிச்ச பட்டியலை நாமளே எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?” அவர் சொன்னதில் தப்பில்லை. 1974-இல் நாம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதால்தான் அணுசக்திப் பொருள் வழங்கும் நாடுகளின் குழுவே பிறந்தது. இன்றுவரை அதில் நமக்கு இடமில்லை. ஏவுகணைத் தொழில்நுட்பத்துக்கான சர்வதேசக் கட்டுப்பாட்டைக் காட்டி அமெரிக்கா நெருக்கியதில் 1993-இல் ரஷ்யா, கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜினின் தொழில்நுட்பத்தைத் தராமல் கையை விரித்தது. மகேந்திரகிரியில் நாமே இன்ஜினைச் செய்து சோதித்து, 2014-இல்தான் அது ராக்கெட்டில் வெற்றிகரமாகப் பறந்தது. அணுகுண்டு வைத்திருப்பவர்கள் மற்றவர்களுக்குப் படிவம் நீட்டுகிறார்கள் என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அந்த எரிச்சலுக்காக ஹலப்ஜா மாதிரி ஒரு ஊருக்குப் போகிற வாயுவைச் செய்யும் ஆலையில் எங்கள் வால்வு இருக்க வேண்டுமா என்ன?

உரிமத்துக்குக் காத்திருப்பது மட்டும் நிஜமான தொல்லை. வெளியுறவு, பாதுகாப்பு, அணுசக்தி என்று பல துறைக்காரர்கள் சேர்ந்து பார்க்கிற விண்ணப்பம் அது. அதற்குள் நியாயமான மருந்து ஆலைக்காரர் பொறுமை இழந்துவிடுவார்.

அப்புறம், இப்போது வால்வைவிட டிராயிங்தான் பெரிய தலைவலி. பட்டியலில் உள்ள வால்வின் தயாரிப்பு டிராயிங்கை மெயிலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான், அதற்கும் உரிமம் வேண்டும். பெட்டி போனால் கஸ்டம்ஸ் பார்க்கும். மெயிலை யார் பார்ப்பது? யாருக்கு எந்த டிராயிங் போனது என்று சர்வரில் பதிவு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐ.டி. தம்பி ஒவ்வொரு முறையும் “அடுத்த மாசம் பண்ணிடலாங்க மேடம்” என்கிறார்.