எட்டடி தூரமும் ஒரு அட்டைத் துண்டும்

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

அக்கா பையன் மதியம் சாப்பிட வந்தான். கை ஈரம் காய்வதற்குள் என் பி.எஸ்.5 கேம் பெட்டியின் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான். எல்டன் ரிங் என்ற விளையாட்டில் மூன்று வாரமாக ஒரே பூதத்திடம் நான் அடி வாங்கிக்கொண்டிருப்பது குடும்பத்துக்கே தெரியும். அவனும் அடிக்குத் தப்ப ஆளை இரண்டு தடவை உருட்டிப் பார்த்தான், இரண்டு தடவையும் செத்தான். பிறகு திரும்பி, "மாமா, பட்டனை அழுத்தி ஒரு யுகம் கழிச்சு ஆள் உருள்றான். நீங்க கேம் மோட் போடலையா?" என்றான்.

போடவில்லை. 2018-ல் வாங்கிய 43 இன்ச் டிவி. ஏழு வருஷத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்ததைத் தவிர அதன் மெனுவுக்குள் நான் போனதே இல்லை. அவன் ரிமோட்டை வாங்கி எங்கெங்கோ நுழைந்து அதை ஆன் செய்தான். படம் கொஞ்சம் வெளிறிப்போனது. ஆனால் உருளல் விரலோடு சேர்ந்து வந்தது.

டிவி தனக்கு வருகிற படத்தை அப்படியே காட்டாது. புள்ளிகளைத் துடைக்கும், நிறத்தைத் தூக்கும், இரண்டு படங்களுக்கு நடுவே தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து சொருகும். இத்தனையும் முடித்துத் திரைக்கு அனுப்புவதற்குள், பழைய டிவிகளில் 100 மில்லி செகண்ட் ஓடிவிடுவது சகஜம். சீரியல் பார்க்கிறவருக்கு அது தெரியாது. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்ட். ஆக ஆறு ஃப்ரேம் தள்ளித்தான் நமக்குச் சேதி வருகிறது. நான் பார்க்கும்போது கோடாரி ஓங்கியிருக்கிறது, உள்ளே அது ஏற்கெனவே இறங்கிவிட்டது. கேம் மோட் டிவியின் இந்த வேலைகளைக் குறைத்துவிடும்.

பூதம் இன்றே செத்தது. அவன் கையால்தான், அது வேறு விஷயம்.

காசே செலவில்லாமல் தீர்ந்த பிரச்சினை. ஆனால் எனக்குப் புதுத் திரை வாங்கும் ஆசை பிறந்தது இன்றைக்குத்தான். ஹாலுக்குப் பெரிய டிவியா, மேஜைக்கு ஒரு மானிட்டரா என்பதுதான் கேள்வி. 22-ஆம் தேதியிலிருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்குறைப்பை முழுசாக நமக்கே விட்டுக்கொடுத்தால் 50,000 ரூபாய் டிவி 46,100-க்குக் கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கை மனைவியிடம் சொன்னேன். "வாங்கலைன்னா 50,000 மிச்சம்" என்றாள்.

4 அக்டோபர், சனி

வேளச்சேரியில் ஒரு ஷோரூம். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் கிளியும் மாம்பழமும். கண் கூசும் வெளிச்சத்தில் எல்லா டிவியும் நல்ல டிவிதான்.

55 இன்ச் ஒன்றின் முன் நின்றேன். "கேமிங்க்னா இதுதான் சார், 120 ஹெர்ட்ஸ்" என்றார் விற்பனையாளர். நொடிக்கு 120 தடவை படம் மாறும் என்று அர்த்தம். பேனலே, அதாவது திரையே, 120-ஆ என்று கேட்டேன். போன் பண்ணி விசாரித்தார். பேனல் 60. ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையைக் குறைத்தால் 120 காட்டுமாம்.

"சரி, ஹெச்.டி.எம்.ஐ. 2.1 இருக்கா?"

"எல்லாமே 2.1 தான் சார்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஹெச்.டி.எம்.ஐ. என்பது படத்தையும் சத்தத்தையும் டிவிக்குக் கொண்டுவரும் கேபிள் இணைப்பு, 2.1 அதன் ஒரு பதிப்பு. அதற்கு முந்தைய 2.0 என்ற பெயரையே தரநிலைக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். 2.1-இல் வரும் புது வசதிகள் எல்லாமே விருப்பம் இருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற கணக்கு. அதனால் பெட்டியில் 2.1 என்று போட்டிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 83 லட்சம் புள்ளிகள் கொண்ட 4கே படத்தில் 120 ஹெர்ட்ஸ் வாங்குமா, விளையாட்டின் வேகத்தோடு திரையும் மாறும் வி.ஆர்.ஆர். வசதி உண்டா? இரண்டும் உள்ள 55 இன்ச்சும் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

புள்ளிகள் தாமாகவே ஒளிரும் ஓஎல்இடி டிவிகள் பக்கம் போகவே இல்லை. அப்பா விழித்திருக்கும் நேரமெல்லாம் செய்திச் சேனல்தான் ஓடும். கீழே ஓடும் பட்டையும் மூலையில் சேனல் முத்திரையும் நாள் முழுக்க அசையாமல் நின்றால், அந்தத் திரையில் நிரந்தரமாகத் தழும்பு விழ வாய்ப்புண்டு. கறுப்பு அத்தனை அழகாக இருந்தும் எங்கள் வீட்டுக்கு ஆகாது.

5 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்குச் செய்த வேலையை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. பரணிலிருந்து வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டியை இறக்கி, 60 சென்டிமீட்டர் அகலம், 34 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டினேன். 27 இன்ச் மானிட்டரின் திரை ஏறக்குறைய அவ்வளவுதான். அப்புறம் ஹால் சுவரில் 55 இன்ச் டிவியின் அளவுக்கு, 122-க்கு 68.5 சென்டிமீட்டர், காகித டேப்பால் ஒரு கட்டம் ஒட்டினேன்.

சோபாவிலிருந்து சுவர் எட்டடி. சோபாவில் உட்கார்ந்து, அட்டையை முகத்துக்கு நேரே இரண்டரை அடியில் அக்கா பையனைப் பிடிக்கச் சொன்னேன். மேஜையில் மானிட்டர் வைத்தால் இருக்கிற தூரம் அதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

டேப் கட்டத்தைக் காணோம். முழுசாக அட்டைக்குப் பின்னால் போய்விட்டது. கட்டத்தைச் சுற்றியிருந்த சுவரும் போயிருந்தது. காலண்டர் மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

கணக்கு எளிது. எட்டை இரண்டரையால் வகுத்தால் 3.2. 27-ஐ அதால் பெருக்கினால் 86. அதாவது மேஜையில் இருக்கிற 27 இன்ச், எட்டடிக்கு அப்பால் மாட்டிய 86 இன்ச் டிவி அளவுக்குக் கண்ணை நிறைக்கும். நான் 55 இன்ச்சைப் 'பெருசு' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்து உறைத்தது. சாதாரணக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். எட்டடியில் 55 இன்ச் 4கே டிவியின் ஒரு புள்ளி அதில் பாதிகூட வராது. 83 லட்சம் புள்ளிகளுக்குக் காசு கொடுத்துவிட்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் உட்காருவதா? 27 இன்ச் 1440பி (மேலிருந்து கீழாக 1440 புள்ளி) மானிட்டரில் மொத்தம் 37 லட்சம் புள்ளிகள்தான். ஆனால் இரண்டரை அடியில் கண்ணின் எல்லைக்குச் சரியாக வந்து உட்காருகிறது.

சோபாவை முன்னால் இழுத்தால் என்ன என்று கேட்கலாம். கேட்டேன். அம்மா பதிலே சொல்லவில்லை.

11 அக்டோபர், சனி

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். எல்லா விதத்திலும் அந்த ஷோரூமுக்கு நேர்மாறு. உட்கார இடம் கிடையாது, ஆனால் கேட்டால் பதில் கிடைக்கும்.

நான்காவது கடையில் ஒரு பெரியவர். "180 ஹெர்ட்ஸ்" என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். "எதுக்குப்பா போடப்போற?" என்றார். பி.எஸ்.5 என்றேன். "அப்ப அந்த நம்பர் உனக்கு இல்ல. அது டிஸ்ப்ளேபோர்ட்னு கம்ப்யூட்டர் கேபிள் ஒண்ணு, அதுல போட்டாத்தான். உன் டப்பாவுல ஹெச்.டி.எம்.ஐ. மட்டும்தான். அதுவும் 120-க்கு மேல போகாது."

வி.ஆர்.ஆர். பற்றிக் கேட்டேன். விளையாட்டு சில இடங்களில் மூச்சு வாங்கும்போது, அதன் வேகத்துக்கே திரையும் இறங்கிவந்து நடக்கும் வசதி அது. இல்லாவிட்டால் படம் குலுங்கும் அல்லது கிழியும். பல மானிட்டர்களில் ஃப்ரீசிங்க் என்ற பெயரில் அது இருக்கிறது. இன்னொரு கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும். பி.எஸ்.5 எடுத்துக்கொள்ளாது, அதற்கு ஹெச்.டி.எம்.ஐ. 2.1 வகை வி.ஆர்.ஆர்.தான் வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டு அப்புறம் திட்டுகிறவர்கள் நிறையப் பேர் என்றார் பெரியவர்.

ஹெச்.டி.ஆர். என்றும் பெட்டியில் இருந்தது, வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் வசதி. கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். இந்த விலையில் அது 400 நிட்ஸ் வெளிச்சம், அவ்வளவுதான். திரையைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் பின்விளக்கு இல்லாமல் ஹெச்.டி.ஆர். பெயருக்குத்தான். சூரியன் சுடுகிற மாதிரியும் குகை குகையாகவும் தெரிய வேண்டுமென்றால் நல்ல டிவிதான். இதில் மானிட்டர் தோற்றது, சந்தேகமே இல்லை.

வாங்கவில்லை. விசிட்டிங் கார்டு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

13 அக்டோபர், திங்கள்

போனில் அக்கா பையன்: "மாமா, 1440பி-யை பி.எஸ்.5 ஒத்துக்காதுன்னு ஒருத்தன் சொல்றான்." அது பழைய கதை. 2022 செப்டம்பர் அப்டேட்டிலேயே வந்துவிட்டது. 1440பி-யில் வி.ஆர்.ஆர். 2023-இல் வந்தது. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்ததில் இன்று முழுக்க நல்ல மூடு.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

மழை. வெடி நமுத்துப்போனது. அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம் எல்லாரும் ஹாலில். பசங்க நாலு பேர் கால்பந்து ஆட்டம் போட்டார்கள், பழைய 43 இன்ச்சில்தான். தோற்றவன் எழுந்திருக்க வேண்டும் என்று சட்டம். சித்தப்பா கையில் அதிரசத்தோடு கன்ட்ரோலரைப் பிடித்தார், அது இன்னும் பிசுபிசுக்கிறது. யாருக்கும் ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை இல்லை.

இந்தக் கூட்டத்தை மனசுக்குள் என் மேஜை முன்னால் நிறுத்திப் பார்த்தேன். ஒரு நாற்காலி, அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஏழு தலைகள். ஆகாது. மறுபடி 55 இன்ச் பக்கம் மனம் சாய்கிறது.

26 அக்டோபர், ஞாயிறு

வருஷத்துக்கு ஒரு தீபாவளிதான். மற்ற 364 நாளும் இரவு ஒன்பது மணிக்கு நான் கன்ட்ரோலரை எடுக்கும்போது ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். ஐந்து நாள் அம்மாவின் சீரியல், ஏழு நாளும் அதற்குப் பிறகு அப்பாவின் விவாத மேடை. எனக்குக் கிடைத்தது மொத்தம் மூன்று மணி நேரம், அதுவும் பதினொன்றுக்கு மேல். 55 இன்ச் வாங்கினால் செய்தி வாசிப்பவரின் முகம்தான் பெரிதாகும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "மானிட்டர்னா பகல்ல என் லேப்டாப்பையும் மாட்டிக்கலாம்ல? குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு" என்றாள். ஒரு மாதமாக நான் அளந்ததும் வெட்டியதும் ஒரு பக்கம், இந்த ஒரு வரி ஒரு பக்கம்.

1 நவம்பர், சனி

பெரியவரிடமே போனேன். 27 இன்ச், 1440பி, ஐபிஎஸ் வகை பேனல், ஹெச்.டி.எம்.ஐ. 2.1 துளை இரண்டு. வி.ஆர்.ஆர். வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பில்லின் பின்னால் எழுதியே கொடுத்தார். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மாட்டி ஆன் செய்தால் படம் வருகிறது, சத்தம் இல்லை. மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது! ஐந்து வாரம் ஆராய்ச்சி செய்தவனுக்கு இது தோன்றவில்லை. கடைசியில் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை எடுத்து மானிட்டரின் ஹெட்போன் துளையில் சொருகினேன். இடது பக்கம் மட்டும் பாடுகிறது. ராத்திரியில் கன்ட்ரோலரிலேயே ஹெட்போன் மாட்டிக்கொள்கிறேன்.

விளக்கை அணைத்தால் திரையின் கீழ் மூலையில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஐபிஎஸ் என்றால் அப்படித்தான். மேஜை விளக்கைத் திரைக்குப் பின்னால் திருப்பி வைத்ததும் கண் அதைத் தேடுவதை விட்டுவிட்டது.

2 நவம்பர், ஞாயிறு

மானிட்டர் வந்த மறுநாளே அதைத் தொடவில்லை. பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகத்தான் தொடங்கியது. இந்தியா 298, தென்னாப்பிரிக்கா 246. தீப்தி சர்மா ஐந்தாவது விக்கெட்டை எடுத்தபோது மணி பன்னிரண்டு. சாமத்தில் அப்பா கை தட்டியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எட்டடி தூரத்தில், 43 இன்ச்சில், ஒரு குறையும் தெரியவில்லை.

4 நவம்பர், செவ்வாய்

120 ஹெர்ட்ஸ் என்று சொல்லிச் சொல்லி வாங்கியதை நேற்றுவரை 60-இல்தான் ஓட்டியிருக்கிறேன். காட் ஆஃப் வார் ரக்னராக் என்ற விளையாட்டில் அதற்கென்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது, விளையாட்டின் அமைப்புகளுக்குள்ளே. போட்டதும் கோடாரியை எறிந்து திரும்ப வரவழைத்துப் பார்த்தேன். பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். கேமராவைச் சுற்றினால் மரங்கள் கோடுகளாகக் கலங்காமல் மரங்களாகவே நகர்கின்றன. சண்டைக்கே போகவில்லை, அரை மணி நேரம் எறிந்து பிடித்ததோடு சரி. எல்டன் ரிங்கில் 120 கிடையாது, அது பழையபடி 60-தான்.

முதுகு வலிக்கிறது. சோபாவில் சாய்ந்து விளையாடிய உடம்பு நாற்காலிக்குப் பழகவில்லை.

14 நவம்பர், வெள்ளி

மனைவிக்கு அமெரிக்கக்காரர்களோடு கால். ஒன்பதுக்கு முடியும் என்றாள், பத்தாகியும் முடியவில்லை. மானிட்டரில் நாலு எக்செல் ஷீட் திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன், கையைக் காட்டிப் போகச் சொன்னாள்.

பி.எஸ்.5-ஐக் கேபிளோடு சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அப்பா சோபாவில் தூங்கிவிட்டிருந்தார், டிவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ரிமோட்டை மெதுவாக அவர் கையிலிருந்து உருவி, சத்தத்தைக் குறைத்து, கேபிளை மாட்டினேன். கேம் மோட் அப்படியே ஆனில்தான் இருந்தது. அவர் காலடியில், தரையில், டிவிக்கு நாலடியில் உட்கார்ந்துகொண்டேன்.