வஞ்சிரம்னு வாய் தவறிட்டேன்

திருச்சில ஏறுனா ஒரு மணி நேரத்துல கொழும்பு, அதே நேரத்துல சென்னை பஸ் பெரம்பலூரத்தான் தொட்டிருக்கும், அதனால "ஃபாரின் போறேன்"னு சொல்லவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. வந்து இறங்குனப்புறம்தான் இது வேற நாடுன்னு மண்டைல ஏறுச்சு. வெள்ளவத்தைல வீடு பாத்தேன், ரெண்டு ரூம், பால்கனில நின்னு எட்டிப் பாத்தா ரயில் தண்டவாளமும் அதுக்கு அந்தப் பக்கம் கடலும் தெரியும், வாடகை 1 லட்சத்து 20 ஆயிரம், ஆறு மாச அட்வான்ஸ்னு ஓனர் சொன்னதும் நெஞ்சு அடைச்சுப் போச்சு. அப்புறம் நம்ம ஊர் ரூபாய்க்கு மாத்த மூணரையால வகுத்துப் பாத்து மூச்சு விட்டேன். மொத ரெண்டு மாசம் பாண் (நம்ம பிரெட்) வாங்குனாலும் பிளேன்டீ குடிச்சாலும் மூணரையால வகுக்குறதே வேலையா போச்சு, சம்பளமும் இலங்கை ரூபாயிலதான் வருதுன்னு புரிஞ்சப்புறம் அந்தப் பழக்கம் தானா போயிருச்சு.

ஓனர் யாழ்ப்பாணத்துக்காரர், பேங்க்ல கணக்கு பாத்து ரிட்டயர்ட் ஆனவர். நான் "சார் சார்"னு கூப்பிட, "சார் எண்டு சொல்லாதீங்கோ தம்பி, அங்கிள் எண்டே கூப்பிடுங்கோ"ன்னுட்டாரு. ஒரு நாள் அவசரத்துல "அங்கிள், சாயங்காலம் வந்து உங்கள பேசுறேன்"னேன், அவர் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு, உள்ள இருந்து அன்ரி சிரிக்குறாங்க. இங்க பேசுறதுன்னா திட்டுறதாம், நாம சொல்ற பேச்சுக்குப் பேரு கதைக்கிறது. அதுல இருந்து சாயங்காலமானா அவங்க வீட்டு வாசல்ல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு கதைக்கிறதுதான் நமக்கு டைம்பாஸ்.

நான் சைட் இன்ஜினியர். மாடி மேல மாடி அடுக்குற லக்சுரி அபார்ட்மென்ட் வேலை. ராத்திரி ஷிஃப்ட்ல எங்க பில்டிங் மேல நின்னு பாத்தா, ஏற்கனவே வித்து முடிச்ச பக்கத்து டவர்ல பாதி ஜன்னல் இருட்டாதான் இருக்கும். வாங்குனவங்க நிறைய பேர் வெளிநாட்டுல. வருஷத்துக்கு ரெண்டு வாரம் வந்து லைட் போட்டுட்டுப் போயிருவாங்க, மத்த நாள் எல்லாம் செக்யூரிட்டி அண்ணன்தான் அங்க குடியிருக்காருன்னு சொல்லலாம்.

இப்படி இருக்கும்போது சிங்கப்பூர்ல இருக்குற காலேஜ் ஃப்ரெண்ட் போன் பண்ணான், "டேய் அங்க என்னடா பண்ற, ஜனத்தொகைக்கு பணக்காரன் ஜாஸ்தி இருக்குற நாட்டுக்குப் போகணும்டா, அங்கதான் நமக்கும் நாலு காசு சிந்தும், இல்லன்னா சுவிட்சர்லாந்துக்கு ட்ரை பண்ணு"ன்னான். எனக்கும் அந்தப் புழு மண்டைக்குள்ள பூந்துருச்சு, ஒரு வாரம் ராத்திரி முழுக்க இதையே தேடிப் படிச்சேன். யூபிஎஸ் பேங்க் வருஷா வருஷம் போடுற ரிப்போர்ட்ல 2024 கணக்குக்கு அமெரிக்காவுல மட்டும் 2 கோடியே 38 லட்சம் டாலர் மில்லியனருங்க, அதாவது 10 லட்சம் டாலருக்கு மேல சொத்து உள்ளவங்க, சீனாவுல 63 லட்சம். ஆனா தலைக்கு வகுத்தா கதையே மாறுது, அமெரிக்காவுல 14 பேருக்கு ஒருத்தர்னு வரும், சீனாவுல 220 பேருக்கு ஒருத்தர், நம்ம இந்தியாவுல 1,600 பேருக்கு ஒருத்தர். சுவிஸ்லயும் லக்சம்பர்க்லயும் குழந்தைங்கள விட்டுட்டு பெரியவங்க ஏழு பேரை நிக்க வெச்சா அதுல ஒருத்தர் மில்லியனராம்! எங்க தெருவுல ஏழு பேரை நிக்க வெச்சா அஞ்சு பேர் என்கிட்டயே கைமாத்து கேப்பான்.

இதைப் போய் அங்கிள்கிட்ட பெருசா அவுத்து விட்டேன். அவரோட மக சுவிஸ்ல பேர்ன்ங்கற ஊர்ல இருக்காங்க, மருமகன் அங்க ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல இருபது வருஷமா வேலை. அங்கிள் கண்ணாடிய கழட்டித் துடைச்சுக்கிட்டே "தம்பி, உங்கட ஏழு பேரில என்ர மருமகன் எத்தினையாவது ஆள்?"ன்னு கேட்டாரு. நான் முழிச்சேன். "அந்த மனுசன் இன்னும் வாடகை வீட்டிலதான் இருக்கிறார். சுவிஸில நூற்றுக்கு 36 பேர் அளவிலதான் சொந்த வீட்டில இருக்கினம், தெரியுமோ?"

அந்த ராத்திரி போய் திரும்பவும் அதே ரிப்போர்ட்டைப் பாத்தேன். சுவிஸ்ல தலைக்கு சராசரி சொத்து கிட்டத்தட்ட 7 லட்சம் டாலர், உலகத்துலயே முதல் இடம். ஆனா எல்லாரையும் சொத்து வரிசைல நிக்க வெச்சு நடுவுல நிக்குற ஆளைப் பாத்தா அவர்கிட்ட 2 லட்சம் கூட இல்ல. மேல இருக்குற கொஞ்ச பேர் சராசரிய இழுத்துத் தூக்கிட்டாங்க. லக்சம்பர்க்ல அந்த நடு ஆள்கிட்டயே மூணரை லட்சத்துக்கு மேல இருக்கு, என்னைக் கேட்டா பணக்கார நாடுன்னு அதைத்தான் சொல்லணும், ஆனா எனக்கு அங்க யாரைத் தெரியும்?

இன்னொரு கூத்து, யார் எண்ணுறாங்கங்கறதுலயே லிஸ்ட் மாறுது. யூபிஎஸ் குடியிருக்குற வீட்டையும் சேத்து கடனைக் கழிக்குது, கேப்ஜெமினின்னு ஒரு கன்சல்டிங் கம்பெனி போடுற கணக்குல குடியிருக்குற வீடு சேராது, கைல முதலீடு பண்ற மாதிரி 10 லட்சம் டாலர் இருந்தாத்தான் பணக்காரன். அங்கிள் இதுக்கு உடனே கொழும்பு உதாரணம் சொன்னாரு. இங்க நிலத்தை பேர்ச் கணக்குலதான் பேசுவாங்க, ஒரு பேர்ச் 272 சதுர அடி, நம்ம ஊர் கிரவுண்ட்ல கிட்டத்தட்ட ஒன்பது பேர்ச் இருக்கும். பணக்காரங்க ஏரியாவான கறுவாத்தோட்டத்துல ஒரு பேர்ச் ஒன்றரை கோடிக்கு மேல கேக்குறாங்க. "அங்க 20 பேர்ச் காணியில பழைய வீடு ஒண்டு, ஓடு ஒழுகுது, கிழவி தனிய இருக்கிறா, ஆனா 30 கோடிக்கு மேல, அப்ப அவ டொலர் மில்லியனர்தானே. பென்சனில மருந்து வாங்கிக்கொண்டு!" அதோட விடல, 2022 தொடக்கத்துல டாலர் 200 ரூபாய்தான், மே மாசம் 360, அப்போ 20 கோடி சொத்து வெச்சிருந்தவர் ஜனவரில மில்லியனர், மே மாசம் இல்ல, இத்தனைக்கும் அவர் ஒரு சல்லி தொலைக்கல, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசைல நின்னது மட்டும்தான்.

கட்டார் விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. 2013 கணக்குக்கு பாஸ்டன் கன்சல்டிங் குரூப் போட்ட லிஸ்ட்ல 1,000 குடும்பத்துக்கு 175 மில்லியனர் குடும்பம்னு கட்டார்தான் முதல், அப்புறம் சுவிஸ் 127, சிங்கப்பூர் 100. என் சித்தப்பா பையன் தோஹால சாரம் கட்டுற வேலைல இருந்தான், ஒரு ரூம்ல எட்டு பேர். அந்த ஊர்ல பத்துல ஒன்பது பேர் கிட்ட வெளிநாட்டுக்காரங்க, அந்த எட்டு பேர் படுத்துக் கிடக்குற ரூமை யாரு குடும்பம்னு எண்ணுவா? "பின்னம் படிச்சனீங்கள்தானே"ன்னாரு அங்கிள், "மேல தொகுதி, கீழ பகுதி. நாங்கள் வெளிநாடு போனா கீழதான் போய் நிக்கிறம். சில இடத்தில கீழயும் எண்ண மாட்டினம்."

மொனாக்கோ இந்தக் கதைல ஒரு தனி ரகம். மொத்தமே 38,000 பேர் சொச்சம், 1869ல இருந்து அங்க வருமான வரியே கிடையாது (பிரெஞ்சுக்காரங்களுக்கு மட்டும் அந்த சலுகை இல்ல), அதனால பணக்காரன் எல்லாம் முகவரிய மாத்திக்கிட்டு அங்க போய் உக்காந்திருக்கான், பில்லியனர் கணக்குல தலைக்கு வகுத்தா அதை அடிச்சுக்க ஆளே இல்ல. நாட்டுல ஜனம் கம்மின்னா ஒரே ஒருத்தர் பொட்டியோட வந்து இறங்குனாலே லிஸ்ட்ல பத்து இடம் ஏறிரும். அங்கயும் இடம் பத்தாம கடலைத் தூத்துதான் நிலம் எடுத்திருக்காங்க, மொத்த பரப்பே 2 சதுர கிலோமீட்டர் சொச்சம். நம்ம காலி முகத்திடல் பக்கத்துல கடலைத் தூத்து எடுத்த போர்ட் சிட்டி 269 ஹெக்டேர், அதாவது மொனாக்கோவை விடப் பெருசு! ஞாயித்துக்கிழமை அங்க நடக்கப் போனேன், காத்து பிச்சுக்கிட்டுப் போகுது, ரோடு பளபளன்னு இருக்கு, பில்டிங் வரவேண்டிய இடத்துல எல்லாம் மணலும் புல்லும். சைட் இன்ஜினியர் கண்ணுக்கு அது மணல் இல்ல, இன்னும் இருபது வருஷ வேலை. சிங்கப்பூர்க்காரனுக்கு "இப்போதைக்கு இங்கயே இருக்கேன்டா"ன்னு மெசேஜ் போட்டேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

ஆகஸ்ட்ல மருமகன் லீவுக்கு வந்தாரு. பேர்ன்ல பாத்திரம் கழுவுறதுல ஆரம்பிச்சு குக் ஆன மனுஷன், இங்க கால் வெச்ச உடனே சுவிஸ்காரர் ஆயிட்டாரு. ஓட்டோக்காரன்ல இருந்து தூரத்து சொந்தம் வரைக்கும் எல்லாருக்கும் அவர்கிட்ட ஒரு வேண்டுதல், கோயில் திருவிழா, யாரோ ஒருத்தரோட பொண்ணு கல்யாணம்னு. அவர் சிரிச்சுக்கிட்டே எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு, அப்புறம் மொட்டை மாடில நின்னு சிகரெட் பிடிச்சுக்கிட்டே என்கிட்ட மட்டும், "டிக்கெட்டே கடனிலதான் எடுத்தனான்"னு சொன்னாரு.

அன்ரி அவருக்குப் பிடிச்ச அறக்குளா (நம்ம ஊர் வஞ்சிரம்தான்) மீன் குழம்பு வைக்கணும்னாங்க. மருமகன் கிளம்ப, அங்கிள் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு, "நீர் போக வேண்டாம், சுவிஸ் எண்டு தெரிஞ்சா விலையை ஏத்திப் போடுவான். தம்பி, நீங்க போங்கோ. ஆனா வாயைத் திறக்காதீங்கோ, மீனைக் காட்டி விலையை மட்டும் கேளுங்கோ."

மார்க்கெட்ல போய் நின்னேன். பளபளன்னு ஒரு பெரிய மீன். முன்னாடி நின்ன அம்மாவுக்கு கிலோ 3,000ன்னு வெட்டிக் கொடுத்தான், காதால கேட்டேன். என் முறை வந்துச்சு, விரலை மட்டும் நீட்டியிருக்கலாம், பழக்க தோஷம், "அண்ணே வஞ்சிரம் ஒரு கிலோ"ன்னு வந்துருச்சு. அவன் கத்திய வெச்சுட்டு என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தான்.

"ஆ, இந்தியாவா! ஓட்டலா, பெரிய கம்பெனியா? உங்களுக்கு 3,800 போட்டுத் தாறன்."