ஆயில்யம் குடிவந்த கதை

கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையிலிருந்து கிளம்பும்போது, "ஒரு நட்சத்திரம் வாங்கிட்டு வரேன்" என்று வீட்டுக்கு போனில் சொன்னது என் தப்புதான். உள்ளே நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா கேட்டார்.

"என்னடா நட்சத்திரம்?"

கையில் தண்ணீர்க் கவர் ஆடிக்கொண்டிருந்த அவசரத்தில் நானும், "பாம்பு நட்சத்திரம்மா" என்றேன்.

"ஆயில்யமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி ஆயில்யம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று சொல்லி மூன்று ஜோசியர்கள் கைவிரித்து, நாலாவது ஜோசியர் "முதல் பாதம்தானே, தோஷமில்லை" என்று அருள்பாலித்த பிறகு நடந்த கல்யாணம் எங்களுடையது. பத்து வருஷமாக ஆறிக்கிடந்த விஷயத்தை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து கிளறிவிட்டேன்.

அவசர அவசரமாக விளக்கினேன். ஹாலில் இருக்கும் 4 அடி கடல்நீர்த் தொட்டிக்காக வாங்கியது இது. பாறை இடுக்குகளில் மீன் தின்னாமல் விடும் தீனி அழுகி, தண்ணீரில் நைட்ரேட் என்கிற கழிவு ஏறுகிறது. நட்சத்திர மீனுக்கு ஒன்றுவிட்ட உறவான இது, பாம்பு போல வழுவழுப்பான ஐந்து நீளக் கைகளை இடுக்குக்குள் விட்டு அந்த மிச்சம் மீதியைத் துழாவித் தின்றுவிடும். ஆங்கிலத்தில் சர்ப்பன்ட் ஸ்டார். கையில் முள் முள்ளாக இருந்தால் பிரிட்டில் ஸ்டார், அதாவது தொட்டால் ஒடிகிற நட்சத்திரம். இரண்டும் ஒரே வகுப்பு, ஒஃபியூராய்டியா. கிரேக்கத்தில் பாம்பையும் வாலையும் சேர்த்துக் கட்டிய பெயர்.

"அப்போ ஆயில்யம்தான்" என்றார் அம்மா. பெயர் வைத்தாயிற்று.

கடைக்காரர் இதைப் பரம சாது என்று சொல்லித்தான் கொடுத்தார். "கல்லுக்கடியில போயிடும் சார், இருக்குற எடமே தெரியாது." நல்ல பச்சை நிறம். நடு வட்டு ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, கை ஒவ்வொன்றும் ஒரு சாண். அந்தப் பச்சையில் மயங்கிவிட்டேன். கை ஓரத்தில் சீப்புப்பல் மாதிரி குட்டை முட்கள் இருந்ததைக் கண் பார்த்தது, மண்டைக்குப் போகவில்லை.

இந்த இனத்துக்கு உப்பு சட்டென்று மாறினால் ஆகாது. அதனால் கவரிலிருந்ததை ஒரு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து ஏர் டியூபைத் தொங்கவிட்டு, டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்கினேன். இரண்டு மணி நேரம். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு பக்கமும் 1.025 காட்டும் வரைக்கும் விடக்கூடாது. நடுவில் வேலைக்கு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "யாருக்குங்க டிரிப்ஸ் ஏறுது?" "ஆயில்யத்துக்கு" என்றார் அம்மா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அக்கா என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தது எனக்கே சங்கடமாக இருந்தது.

விட்டவுடன் அது நடந்த அழகைச் சொல்ல வேண்டும். சாதாரண நட்சத்திர மீன் அடியிலுள்ள குட்டிக் குழாய்க் கால்களால் கண்ணுக்கே தெரியாமல் நகரும். இது அப்படியில்லை. ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, பக்கத்துக் கைகளால் துடுப்புப் போட்டுத் தாவித் தாவிப் போகும். திரும்ப வேண்டுமென்றால் உடம்பைத் திருப்பாது, வேறொரு கையை முன்கை ஆக்கிக்கொள்ளும். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். பத்து நொடியில் பாறைக்குள் போய்விட்டது.

எங்கள் வீடு சைவம். இறால் எதிர்வீட்டு அக்காவின் ஃப்ரீசரில், என் பெயர் எழுதிய டப்பாவில் இருக்கும். வாரம் இரண்டு முறை ஒரு துண்டு வாங்கிவந்து பாறைமுன் இடுக்கியால் நீட்டினால், ஒரு நிமிஷத்துக்குள் இடுக்கிலிருந்து ஒரு கை நுனி வெளியே வந்து காற்றில் எழுதுவதுபோல நெளியும். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வாசனையைக் கையாலேயே பிடிக்கிறது. இறால் பட்டதும் நுனி சுருண்டு வளைத்து, துண்டை உள்ளே கடத்திக்கொண்டு போகும். வாய் அடிப்பக்கம் நடுவில். அந்த ஒரு வாய்தான் எல்லாவற்றுக்கும். தின்பதும் அதிலே, மிச்சத்தை வெளியே தள்ளுவதும் அதிலே. இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதற்காக இரண்டு நாள் எனக்கு ரசம் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு காலையில் எண்ணிப் பார்த்தால் ஆறு க்ரோமிஸ் மீனில் நாலுதான் இருந்தது. க்ரோமிஸ் கூட்டத்தில் ஒன்றையொன்று அடித்துத் துரத்தி எண்ணிக்கை குறைவது வழக்கம்தான். ஆனால் பிணமாவது கிடைக்க வேண்டுமே. தரையில் தேடினேன், தொட்டிக்குப் பின்னால் தேடினேன், பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். பால்கனிக்கு வரும் பூனைமேல் என் மனைவிக்குச் சந்தேகம். மூடியிருக்கும் தொட்டியில் பூனை எப்படி? "அதெல்லாம் பூனைக்குத் தெரியும்" என்றாள். அடுத்த வாரம் மூன்றானது. ஆயில்யம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி புஷ்டியாகிக்கொண்டிருந்தது.

ராத்திரி காவல் இருப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஒளிந்துகொள்ளும், சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஏதோ பரிசுப் பொட்டலத்தில் வந்த சிவப்பு ஜெலட்டின் தாளை டார்ச்சில் சுற்றி, ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். மணி ஒன்றே முக்கால் இருக்கும். டார்ச்சை அடித்தேன்.

பாறை ஓரமாக, ஐந்து கை நுனிகளையும் தரையில் ஊன்றி, நடு வட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தது. அசைவே இல்லை. பார்ப்பதற்கு வாசல் வைத்த குட்டிக் குகை. தூக்கக் கலக்கத்தில் ஒதுங்க இடம் தேடிவந்த ஒரு க்ரோமிஸ், இதைவிட நல்ல இடம் உண்டா என்று நேராக அதன் அடியில் போய் நின்றது. நான் கண்ணாடியைத் தட்டலாமா என்று யோசிப்பதற்குள் கைகள் திருகிக்கொண்டு இறங்கின. கோழிக்குப் பஞ்சாரம் கவிழ்த்ததுபோல, அவ்வளவுதான். மீன் துடித்ததுகூட ஒரு நொடி. நான் "அடப்பாவி" என்று கத்தியதில் வீடே எழுந்துவிட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஒஃபியராக்னா இன்க்ராசாட்டா. இந்திய, பசிபிக் கடல்களில் இருப்பது. இந்தக் கூட்டத்தில் 2,000-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்க, பெரும்பாலானவை மக்கிய கழிவையும் தண்ணீரில் மிதக்கும் துணுக்குகளையும் தின்று பிழைக்க, நான் தேடிப்பிடித்துக் காசு கொடுத்து வாங்கியது மீனைப் பொறிவைத்துப் பிடிப்பதற்கே பேர்போன ஒன்று. நான் நினைத்துப் போன வரிவரிக் கைக்காரன் ஓஃபியோலெபிஸ் சுப்பர்பாவுக்குக் கையில் முள் துருத்திக்கொண்டு நிற்காது. முள்ளைப் பார்த்திருந்தாலே போதும்.

வெளியே எடுப்பது அடுத்த கூத்து. முதல் ராத்திரி வெளியே தெரிந்த ஒரு கையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். மற்ற நாலு கைகளும் பாறைக்குள் முட்டுக்கொடுத்துக்கொண்டன. இன்னும் கொஞ்சம் மெதுவாக இழுத்தேன். பட்டென்று பாதிக் கை என் விரலில் வந்துவிட்டது. வந்தது சும்மா இருந்ததா? பல்லி வால் மாதிரி நெளிகிறது. நான் கையை உதற, அது பறந்துபோய் அம்மாவின் ஸ்லோகப் புத்தகத்தின்மேல் விழுந்து அங்கேயும் நெளிந்தது. கையை விட்டுவிட்டுத் தப்பிப்பதும் பிறகு வளர்த்துக்கொள்வதும் அதன் பிழைப்பு என்று அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அம்மா அப்போது பேசும் நிலையில் இல்லை.

மறுநாள் இரண்டங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் இறாலை வைத்து விட்டேன். மூன்று கை உள்ளே, இரண்டு கை வெளியே என்று பேரம் பேசிவிட்டு, இறாலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று மணி நேரம். ராத்திரி தண்ணீர் குடிக்க வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு மூளை கிடையாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. நரம்பு வளையம் மட்டும்தான்."

"சரி, படுங்க" என்று போய்விட்டாள். அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் குழாயின் ஒரு பக்கத்தை மூடிபோட்டு அடைத்து, இறாலைக் கடைசி வரை தள்ளி வைத்தேன். முழுசாக உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. தண்ணீரோடு அப்படியே தூக்கி, ஸ்டாண்டுக்கு அடியில் ஃபில்டரெல்லாம் இருக்கும் கீழ்த்தொட்டியில் இறக்கினேன். மீன் கிடையாது, ராத்திரி முழுக்க எழுந்து நிற்கட்டும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மொழியில் அந்தக் கீழ்த்தொட்டிக்கும் பெயர் சம்ப்.

காலையில் பால்கனியில் நின்று நண்பனிடம் போனில், "ஒரு வழியா பாம்பப் பிடிச்சு சம்ப்புல விட்டுட்டேன்டா" என்றேன். கீழே ஹவுஸ் ஓனர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்துவைத்து, ஓனர் ஒரு கையில் ஒட்டடைக் கம்பும் ஒரு கையில் டார்ச்சுமாகக் குனிந்திருக்கிறார். பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் தைரியத்துக்கு நிற்கிறார். முந்தின நாள்தான் லாரித் தண்ணீர் 9,000 லிட்டர் இறக்கியிருந்தது.

"தம்பி, கீழ வாங்க! எந்த மூலையில விட்டீங்க?"

கீழே போய் விளக்கினேன். நம்பவில்லை. கம்போடு மேலே வந்தார். ஸ்டாண்டுக் கதவைத் திறந்து சம்ப்பைக் காட்டினேன். அம்மா பின்னாலிருந்து, "அதான் ஆயில்யம்" என்று அறிமுகம் செய்துவைத்தார். பச்சைக் கையொன்று பம்ப்புக்குப் பின்னாலிருந்து நெளிந்து வந்தது. ஒடிந்த கையின் நுனியில் புதிதாக ஏதும் முளைத்திருக்கவில்லை, அதற்குப் பல மாதம் ஆகும். ஓனர் மூட்டு வலியை மறந்து மண்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"கண்ணு எங்க?"

"கிடையாது சார்."

"என்ன சாப்பிடும்?"

"இறால் சார்." சொன்ன பிறகு அம்மா பக்கம் திரும்பவில்லை.

"நம்ம வீட்டுல ஞாயித்துக்கிழமை இறால்தான், அனுப்புறேன்" என்று எழுந்தவர், வாசல்வரை போய் நின்றார்.

"தம்பி, அடுத்த மாசத்துலருந்து தண்ணி சார்ஜ்ல நூறு ரூபா சேத்துக் குடுத்துருங்க. ஆள் கூடியிருக்கில்ல?"