இரண்டரை அடி இடைவெளி

அப்பா நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் சுவரைத் தடவிப் பார்ப்பார். நான் ஸ்பெயினில் இருக்கும் வலென்சியாவுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. அந்த ஊரின் பேராலயத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். உள்ளே போனது, போன மாதம் அப்பா வந்திருந்தபோதுதான்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்துடலாம்மா" என்றார். அப்படிச் சுற்றியதால்தான் மூன்று வாசல்களும் மூன்று காலத்தவை என்பது எனக்கே உறைத்தது. பிளாசா தெ லா ரெய்னா பக்கம் இருப்பது 1703-இல் தொடங்கிய, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி முகப்பு. சுவரே உள்பக்கமாக வளைந்து போகிறது. "கல்லை வளைச்சிருக்கான் பாரு" என்று அப்பா நெடுநேரம் அங்கேயே நின்றார். கிழக்குப் பக்கம் பலாவ் வாசல். பேராயர் மாளிகைக்கு எதிரே இருப்பதால் அந்தப் பெயர். அரைவட்ட வளைவும் கனத்த சுவருமாக ரோமனெஸ்க் பாணி, மூன்றிலும் பழையது. அதன் மேலே பதினான்கு சிறிய தலைகள், ஏழு தம்பதிகளாம். அதற்கு எதிர்ப்பக்கம் அப்போஸ்தலர் வாசல், கூர் வளைவுகளோடு கோத்திக் பாணி. வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு இந்த வாசலில்தான் தண்ணீர் நீதிமன்றம் கூடும். எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு மேலாடையோடு வட்டமாக உட்கார்ந்து, பாசன வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்வார்கள். நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம்.

1238-இல் முதலாம் ஜாவுமே என்ற கிறிஸ்தவ மன்னர் ஊரைப் பிடித்தபோது இந்த இடத்தில் மசூதி இருந்தது. அதையே முதலில் கோயிலாக்கிக்கொண்டார்கள். 1262-இல் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அதன்பிறகு ஐந்நூறு வருடத்துக்கு மேல் யாராவது ஒருவர் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எண்கோண வடிவ மிகேலெத்தே மணிக்கோபுரம்கூட முதலில் தனியாகத்தான் நின்றது. பிறகுதான் ஆலயத்தை நீட்டி அதோடு சேர்த்தார்கள். அந்த 207 படிகளையும் அப்பா ஏறினார், மூன்று இடத்தில் உட்கார்ந்து.

உள்ளே நடுக்கூடத்தில் கோத்திக் கல் வெறுமையாகத் தெரிகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் காலத்து ரசனைப்படி இந்தக் கல்லின் மேல் முழுக்கப் பூச்சு வேலை செய்து மூடினார்களாம். 1970-களில் அதை உரித்து எடுத்துக் கல்லை மறுபடி வெளியே கொண்டுவந்தார்கள். பக்கச் சிற்றாலயங்களில் மட்டும் அந்தப் பூச்சு இன்னும் இருக்கிறது. எனக்குக் கல்தான் பிடித்தது, அப்படியே சொன்னேன். அப்பா முகம் வாடியது. "பூசினவனும் உசிரைக் கொடுத்துத்தானம்மா பூசியிருப்பான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கல்தான் அழகு என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னதை ஒதுக்க முடியவில்லை.

நடுவில் மேலே எண்கோணமாக, விளக்குக் கூண்டு போல ஒரு கோபுரம். அதன் சன்னல்களில் இருப்பது கண்ணாடி இல்லை, மெல்லியதாக அறுத்த அலபாஸ்டர் கல். அதன் வழியாக வெளிச்சம் பால் போல இறங்குகிறது. இயேசுவின் கடைசி இரவு உணவில் இருந்ததாக நம்பப்படும் அகேட் கல் கிண்ணம் தனிச் சிற்றாலயத்தில் இருக்கிறது. கூட்டம் அங்கேதான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அப்புறம் பீடத்துக்கு மேலே பார்த்தோம். நீல வானத்தில் பொன் நட்சத்திரங்கள். அதில் வானதூதர்கள் யாழும் குழலும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 1469-இல் இங்கே பெரிய தீ விபத்து நடந்தது. அதன்பின், பிற்காலத்தில் ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் போப்பாண்டவரான ரோட்ரிகோ போர்ஹா, இத்தாலியிலிருந்து பாவ்லோ தா சான் லெயொகாதியோ, பிரான்செஸ்கோ பகானோ என்ற ஓவியர்களை வரவழைத்தார். அவர்கள் ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் வரைந்தது இது. இருநூறு வருடம் கழித்து, 1674-இல் தொடங்கிய பரோக் திருப்பணியில் இதற்குக் கீழே இன்னொரு கூரை கட்டி மூடிவிட்டார்கள். மேலே படம் இருக்கிறது என்பதே மறந்துபோனது. 2004-இல் அந்தக் கீழ்க் கூரையைச் சீரமைக்கும்போது துளை வழியாகப் பார்த்தால், வானதூதர்கள் நிறம் மங்காமல் இருந்தார்கள்.

இதை நான் சொல்லச் சொல்ல அப்பா கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு கூரைக்கும் நடுவுல எவ்வளவு இடம் விட்டிருந்தான்?"

"கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு அப்பா."

"ரெண்டரை அடி" என்று கையை விரித்துக் காட்டினார். பிறகு மெதுவாக விளக்கினார். பழைய பூச்சு மேல் புதுப் பூச்சு நிற்க வேண்டுமென்றால் முதலில் பழையதைக் கொத்திவிட வேண்டும், அம்மி கொத்துவதுபோல முழுக்கப் புள்ளி புள்ளியாக. அப்போதுதான் சாந்து பிடிக்கும். அதுதான் சுலபமான வேலை, செலவும் கம்மி. அப்படிச் செய்திருந்தால் இந்த முகங்களில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. "இவன் கொத்தலம்மா. உளி படாம, கீழ தனியா கூரை எழுப்பியிருக்கான். படத்தைப் பாத்துட்டு மனசு வரல போல."

காரணம் அதுதானா என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. நான் அப்பாவை நம்புகிறேன்.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கே போகலாம் என்று கேட்டேன். கடற்கரை என்பார் என்று நினைத்தேன். "அந்தக் கூரையை இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடலாமா?" என்றார். மறுபடி டிக்கெட் எடுத்தோம். நேராகப் பீடத்தின் முன் போய், கழுத்து வலிக்க வலிக்க நின்றார். "கடைசியா மூடினவன் ஒருத்தன் இருப்பான்ல" என்றார். "கையில விளக்கு வச்சிருந்திருப்பான். இந்த முகத்தையெல்லாம் அவன்தான் கடைசியாப் பாத்திருப்பான்."