சின்னக் கை

நவம்பர் 17, 2018. சனி

கஜா புயலில் கரண்டு போனதால் பரணில் கிடந்த அரிக்கேன் இறங்கிவிட்டது. கண்ணாடி உடையவில்லை. திரி மட்டும் கருவாடு மாதிரி விறைத்திருக்கிறது. நிலா உச்சிக்குப் பக்கத்தில் நின்றதால் ஏழு மணி வரை விளக்கே தேவைப்படவில்லை.

நவம்பர் 18, ஞாயிறு

பற்றவைத்த பத்தாவது நிமிடம் கண்ணாடியின் இடது பக்கம் கறுத்துவிட்டது. பழைய திரியைக் கொளுத்தியதால்தான். திரியில் ஊறிய எண்ணெய் வருஷக்கணக்கில் காய்ந்தால் பிசினாகிவிடும். பிறகு புது எண்ணெயை மேலே இழுக்காது. எண்ணெய் ஏறாத திரி தானே கருகும், கருகினால் புகைதான்.

புதுத் திரியையும் வாங்கிய கையோடு போடக்கூடாது. இந்த ஈரக்காற்றில் பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், மண்ணெண்ணெய்க்கு இடம் கொடுக்காது. அடுப்பு ஓரத்தில் ஒரு மணி நேரம் காய வைத்து, பர்னருக்கு அடியிலிருந்து செருகி, பல்சக்கரம் கவ்வும்வரை திருக வேண்டும். நுனியை நேராக வெட்டிவிட்டு இரண்டு மூலைகளையும் இம்மியளவு கிள்ளிவிட வேண்டும். மூலை நீண்டிருந்தால் சுடருக்குக் கொம்பு முளைக்கும், கொம்பு பட்ட இடமெல்லாம் கரி பிடிக்கும். தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. திரி ஊறக் கால் மணி நேரம். கண்ணாடியைத் தூக்கும் கம்பியை அழுத்திக் கொளுத்தி, இறக்கி, கண்ணாடி சூடேறும்வரை இரண்டு மூன்று நிமிடம் சிறிதாகவே எரியவிட வேண்டும். எடுத்த எடுப்பில் சுடரை ஏற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.

எல்லாம் செய்தாயிற்று. இடது பக்கம் இன்னும் புகைகிறது.

கண்ணாடி துடைக்கலாம் என்றால் கை நுழையவில்லை. அந்தக் காலத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்குத் துடைக்கும் வேலை ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு வந்ததே கை அளவினால்தான். சலித்த சாம்பல், அதைவிட நல்லது திருநீறு. உள்ளே 'ஹா' என்று ஊதி, பழைய பேப்பரால் சுற்றித் துடைப்பார்கள். சுடுகிற கண்ணாடியில் ஈரத் துணி பட்டால் போச்சு. புதுக் கண்ணாடி வாங்கும் செலவுக்கு அடி இலவசம்.

நவம்பர் 19, திங்கள்

மோட்டார் ஓடாது. கொல்லைக் கிணற்றைத் திறந்தோம். தென்னை ஓலை, வேப்பிலை, ஒரு சாக்குத் துண்டு. ஐம்பது வாளி இறைத்துக் கொட்டிய பிறகும் தண்ணீர் டீ நிறம்தான்.

தேற்றாங்கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கல்லில் தண்ணீர் விட்டு இரண்டு கொட்டையைச் சந்தனம் போல உரைத்துக் குடத்தில் கலந்து, அசைக்காமல் சில மணி நேரம் வைத்தால் கலங்கல் அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் சாய்த்து எடுக்க வேண்டும். மண்ணைத்தான் அது பிடிக்கும், நோய்க்கிருமியை அல்ல. தெளிந்திருக்கிறதே என்று குடித்துவிடாமல் கொதிக்க வைக்க வேண்டும்.

மத்தியானம் வாளி உள்ளே போய்விட்டது. புதுத் தேங்காய் நார்க் கயிறு. விறைப்பாக இருக்கும், முடிச்சு இறுகாது. முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட்டிருக்க வேண்டும். தெருவுக்கு ஒரு வீட்டில் பாதாளக் கரண்டி இருந்த காலம் போயிற்று. வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்குமே, அதுதான். இரவல் கேட்டால் ஒரு பாத்திரத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் அது திரும்பாது. உச்சி வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிக் கிணற்றுக்குள் வெளிச்சம் அடிப்பது பிள்ளைகள் வேலை. கரண்டியைத் தரையில் படவிட்டு மெல்ல வட்டமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கொக்கி சேற்றைக் கிளறும், வாளி இன்னும் புதையும். கனம் தட்டினால் அவசரப்படாமல் ஏற்ற வேண்டும். சில சமயம் பத்து வருஷத்துக்கு முன் விழுந்த யாருடைய செம்போ ஏறிவரும்.

எங்கள் வாளி வரவில்லை. கொக்கிக்குப் பதில் வளைத்த கம்பி உதவாது.

நவம்பர் 20, செவ்வாய்

வானம் மூடிக்கொண்டு கிடக்கிறது. விளக்கு புகைவது இடது பக்கம்தான், இன்றும்.

நவம்பர் 21, புதன்

மழை. கார்த்திகைக்குப் பொறி பறக்கச் சுற்றும் மாவலிக்கு வைத்திருந்த பனம்பூ எல்லாம் நனைந்துவிட்டது என்று எதிர் வீட்டுப் பிள்ளைகள் அழாத குறை. அடுப்பு மேட்டில் பரப்பி வைத்திருக்கிறேன்.

ஆட்டுக்கல் கொல்லையில் காக்காய்க்குத் தண்ணீர் வைக்கத்தான் இத்தனை வருஷம் பயன்பட்டது. பாசியைச் சாம்பலால் தேய்த்து, கல்லுப்பை ஆட்டி எறிந்து, பிறகு ஒரு கை ஊறின அரிசியை ஆட்டி அதையும் எறிந்தாயிற்று. ஆனாலும் குழவி வழுக்குகிறது. வழவழத்த கல் அரைக்காது, சுற்றத்தான் சுற்றும். 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று உளியோடு தெருவில் வந்தவர்கள் சும்மா வரவில்லை. கொத்திய அன்றைக்கு முதலில் தவிட்டைப் போட்டு ஆட்டிக் கொட்ட வேண்டும். மறந்தால் இட்லி நறநறக்கும்.

நாலுக்கு ஒன்று உளுந்து. உளுந்துதான் முதலில். அது கல்லில் ஒட்டும், பின்னால் போகிற அரிசி குழியைத் துடைத்துக்கொண்டு வரும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து பொங்காது. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் ஆட்டு. அரிசி ரவைப் பதம் போதும். பெரியவர் குழவியைச் சுற்ற, மாவைத் தள்ளிவிடுவது பிள்ளையின் பங்கு. குழவி போன பின்னாலேயே கை போக வேண்டும், முந்தினால் விரல் நசுங்கும். இங்கேயும் சின்னக் கைதான். குழிக்கும் குழவிக்கும் நடுவில் பெரிய கைக்கு இடமில்லை.

ஆட்டுக்கல் மாவின் ருசிக்கு உருகுகிறவர்கள் ஒரு படி அரிசியை ஆட்டிவிட்டு உருகட்டும். தோள்பட்டை கழன்று கிடக்கிறது.

நவம்பர் 22, வியாழன்

குளவி!

அரிக்கேனின் இரண்டு பக்கமும் பிடி மாதிரி வளைந்து இறங்கும் குழாய் அழகுக்கு வைத்ததல்ல. மேலேயிருந்து நல்ல காற்றைச் சுடருக்கு இறக்குவது அதுதான். பரணில் கிடந்த காலத்தில் இடது குழாய்க்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. ஒரு பக்கம் காற்று போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரிந்திருக்கிறது. தொட்டியைக் காலி செய்து, விளக்கைக் கவிழ்த்துத் தட்டி, சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குடைந்ததில் ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. ஐந்து நாளாகத் திரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயது. மணிக்கட்டு வரை கண்ணாடிக்குள் போகிறது. "தாத்தா, திருநீறை வேஸ்ட் பண்றீங்க" என்கிறாள்.

இப்போது சுடர் நகம் போல வளைந்து நிற்கிறது. அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்ததும் பழைய சண்டை புதிதாக வந்துவிட்டது. குழாய் இரண்டின் நிழலும் இரண்டு திசையில் பட்டையாக விழும். நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேருக்குச் சிலேட்டில் இருட்டு. கண்ணாடிக்கு நேர் எதிரே முன்னும் பின்னுமாக இரண்டே இடம்தான் நல்ல இடம், அவை மூத்ததுகளுக்கு. வெளுத்த சிலேட்டு அந்த வெளிச்சத்தில் எழுத்தைக் காட்டாது. கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்துக் கசக்கித் தேய்த்துக் காயவிட்டால்தான் கறுப்பு திரும்பும். ஈரம் போகுமுன் எழுதினால் பலப்பம் வழுக்கும்.

பனம்பூ காய்ந்துவிட்டது. குழி வெட்டி மூட்டம் போட்டாயிற்று.

நவம்பர் 23, வெள்ளி. கார்த்திகை

தென்னை ஒன்றுகூட நிற்காத தோப்பின் வரப்பில் பனை மட்டும் அப்படியே நிற்கிறது. மாவலிக்கு வேண்டியதெல்லாம் அதிலிருந்தே.

ஆண் பனையின் காய்ந்த பூங்கதிர்தான் சரக்கு. முழங்கை ஆழக் குழியில் போட்டுக் கொளுத்தி, கொழுந்து அடங்கித் தணலாகும்போது பச்சை மட்டையும் மண்ணும் போட்டு மூச்சு விடாமல் மூட வேண்டும். திறந்து விட்டால் மிஞ்சுவது சாம்பல், சாம்பல் பொறி விடாது. மறுநாள் காலை திறந்து, கரியை இடித்துத் துணியில் சலிக்க வேண்டும். படபடக்கட்டும் என்று சிலர் உப்புத்தூள் சேர்ப்பார்கள். தூளைப் பழைய வேட்டித் துண்டில் ஒரு சாண் நீளத்துக்கு, கட்டைவிரல் பருமனுக்குச் சுருட்டி, இடைவிடாமல் நூலால் கட்ட வேண்டும். பருத்தித் துணி மட்டும்தான். நைலான் கலந்தது உருகி ஒழுகும், தோலில் பட்டால் பிய்த்தெடுக்க வேண்டியதுதான். சுருட்டிலே தளர்வு இருந்தால் முதல் சுற்றிலேயே மொத்தத் தூளும் கொட்டிவிடும். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவே சுருளை வைத்து இறுக்கி, நீளக் கயிறு கட்ட வேண்டும். நுனியில் தணல் வைத்து, பிடிக்கும்வரை மெல்ல ஆட்ட வேண்டும், பிறகு தலைக்கு மேல் வட்டம். துணி எரிந்து ஓட்டையாக ஆக, தணல் தூள் காற்றில் சலித்துத் தெறிக்கும். வேகம் கூடக் கூடப் பொறியும் கூடும்.

வைக்கோல்போர்ப் பக்கம் போகாதே என்பார்கள் முன்னே. இன்றைக்குத் தார்ப்பாய்ப் பக்கம் போகாதே. பாதி வீட்டுக்குக் கூரையே அதுதான்.

அகல் விளக்குகளை நேற்றே தண்ணீரில் ஊறப் போட மறந்துவிட்டோம். காய்ந்த மண் எண்ணெயைக் குடித்துத் தீர்த்தது. ஒன்பது மணிக்கெல்லாம் அணைந்துவிட்டன. தெருவிளக்கும் இல்லை. நிலாவைத் தவிர அந்த வட்டங்கள்தான் தெரிந்தன, ஐந்தாறு, வெவ்வேறு உயரத்தில்.

நவம்பர் 24, சனி

வாளி இன்னும் உள்ளேதான்.

நவம்பர் 25, ஞாயிறு

கிணற்றுச் சகடை கீச்சிட்டது. எண்ணெய் விடக் கழற்றினால் போல்ட்டில் வாஷராக ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடித்த காசு, யுத்தத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை. அறுபத்து நாலு சேர்ந்தால் ஒரு ரூபாய். வாஷருக்கென்றே அளவெடுத்தது போல இருந்ததால் இரும்புக் கடை வாஷரைவிட மலிவாக இதுவே போல்ட்டுகளில் ஏறிவிட்டது.

பதினாறு அணா ரூபாய் 1957 ஏப்ரல் 1 முதல் நூறு நயா பைசா ஆனது. அன்றைக்குப் பெட்டிக்கடைக்கு ஓடிய பிள்ளைகளின் கணக்கு சிக்கலாகிவிட்டது. நாலணா 25 நயா பைசா, ஆனால் ஓரணா 6தான். ஓரணாவை நாலு தடவை கொண்டுபோனால் 24. மொத்தமாகப் போனவனுக்கு ஒரு பைசா மிச்சம், மிட்டாய்க்கு ஒவ்வொன்றாகப் போனவனுக்கு நஷ்டம். ஆறேகாலை ஆறாக்கியதில் வந்த வினை. காலணா போல்ட்டிலேயே இருக்கட்டும்.

நவம்பர் 26, திங்கள்

கம்பம் நட்டுவிட்டார்கள். கம்பி வரவில்லை.

விளக்கு எட்டு மணிக்கு அணைந்தது. தொட்டியில் கால் பங்கு எண்ணெய் இருக்கிறது. தினமும் வெட்டி வெட்டித் திரி குட்டையாகிவிட்டது, எண்ணெய் மட்டத்தைத் தொடவில்லை. அடியில் பழந்துணி ஒட்டுப் போட்டுத் தைத்தால் இரண்டு ராத்திரி ஓடும். ஊசி எங்கே