'சர்க்கிள்' என்ற ஒரு சொல்லை வைத்து ஆங்கில ஒகாபுலரி படித்த விதம்

எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்), வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கும் நம்ம தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளில் நிறைய பேர் தமிழ்வழியில் வந்தவர்கள். கணக்கு, ரீசனிங் இரண்டிலும் கெட்டியாக இருப்பார்கள். ஆங்கிலம் என்றால் மட்டும் எங்கிருந்தோ ஒரு ஒகாபுலரி (சொல்வளம்) பிடிஎஃப்பை இறக்கி, அகர வரிசையில் மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். 'பி' எழுத்தைத் தாண்டுவதற்குள் 'ஏ' மறந்துவிடும். பட்டதாரிகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் போய்விடும். இதை விட்டுக்கொடுத்துவிட்டு மற்ற பகுதிகளில் ஈடுகட்டுவது ரொம்பக் கஷ்டம்.

நானும் தமிழ்வழிதான். எனக்குக் கைகொடுத்தது வேறு முறை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு எளிய சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் சொந்தபந்தம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவேன். 'சர்க்கிள்' என்ற சொல்லை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் தமிழிலேயே யோசியுங்கள். வட்டம் என்பது வடிவம். நட்பு வட்டம் என்றால் ஆட்கள். பென்னாகரம் வட்டம் என்றால் நிலப்பரப்பு. ஆங்கிலத்தின் 'சர்க்கிள்' சொல்லும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. வடிவத்துக்கும் அதுதான், ஒரே ஈடுபாடு உள்ள ஆட்கள் கூட்டத்துக்கும் அதுதான். அஞ்சல் துறையில் தமிழ்நாடு முழுவதும் ஒரு சர்க்கிள். காவல் துறையில் சர்க்கிள் இன்ஸ்பெக்டர். வினைச்சொல்லாக வந்தால் வட்டமிடுவது. 'விஷஸ் சர்க்கிள்' என்றால் ஒரு கெடுதல் இன்னொன்றைக் கொண்டுவந்து, அது திரும்பவும் முதல் கெடுதலையே வளர்ப்பது. கடனை அடைக்கக் கடன் வாங்குவது போல. ஒரு எச்சரிக்கை: முகவரியில் வரும் அரூர் வட்டத்தை ஆங்கிலத்தில் 'தாலுக்' என்றுதான் எழுத வேண்டும்.

அடுத்து வடிவச் சொற்கள். கேள்வித்தாளில் ஏமாற்றும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சினானிம் (இணைச்சொல்) என்றால் அப்படியே ஒரே பொருள் என்று நினைத்துப் படித்தால் 'சர்க்கிள், டிஸ்க், ரிங், ஸ்ஃபியர், குளோப், ஆர்ப்' எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். நம் வீட்டுப் பொருள்களோடு வைத்துப் பார்த்தால் பிரிந்துவிடும். தட்டில் வைக்கும் கேழ்வரகுக் களி உருண்டை 'ஸ்ஃபியர்'. 'குளோப்', 'ஆர்ப்' இரண்டும் இந்தப் பக்கம்தான்; அவற்றில் 'ஆர்ப்' கொஞ்சம் கவிதை வாடை உள்ள சொல். தட்டையாக இருக்கும் தோசைக்கல் 'டிஸ்க்'. நடுவில் வெற்றிடம் உள்ள வளையல் 'ரிங்'. ஒகேனக்கல் பரிசலை மேலே இருந்து பார்த்தால் அதன் விளிம்பு 'சர்க்குலர்'. 'ரவுண்ட்' மட்டும் தாராளமான சொல், களி உருண்டைக்கும் வளையலுக்கும் இரண்டுக்குமே பொருந்தும்.

பரிசலை விடாமல் இன்னும் ஒரு நிமிடம் பாருங்கள். ஆற்றின் நடுவில் பரிசல்காரர் துடுப்பால் இழுத்து பரிசலை நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றிவிடுவார். அது 'ஸ்பின்', 'ரொட்டேட்'. அதே பரிசல் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போனால் அது 'ரிவால்வ்'. பூமி தன் அச்சில் சுழல்வதும் சூரியனைச் சுற்றுவதும் இந்த வேறுபாடுதான். பொது அறிவியல் பகுதியிலும் உதவும். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இழுக்கும் இடம் 'வேர்ல்பூல்'. அதைவிடச் சிறிய நீர்ச்சுழி 'எடி'.

அப்புறம் 'சர்க்கம்' என்று தொடங்கும் சொற்கள். லத்தீனில் அதற்குச் 'சுற்றி' என்று பொருள். இந்த ஒரு முன்னொட்டு ஒரு டஜன் சொற்களைத் திறந்துவிடும். சுற்றளவு 'சர்க்கம்ஃபரன்ஸ்'. உலகைச் சுற்றிக் கடற்பயணம் போவது 'சர்க்கம்நேவிகேட்'. சுற்றிலும் பார்த்து எச்சரிக்கையாக நடப்பவர் 'சர்க்கம்ஸ்பெக்ட்'. விதியை மீறாதது போலக் காட்டி அதைச் சுற்றிக்கொண்டு தப்பிப்பது 'சர்க்கம்வென்ட்'. நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியதை நாற்பது வார்த்தையில் சொல்வது 'சர்க்கம்லொக்யூஷன்'. ஒரு நீண்ட விளக்கத்தைக் கொடுத்து அதற்கான ஒற்றைச் சொல்லைக் கேட்கும் ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷனுக்கு அளவெடுத்தது போன்ற சொல் இது. உறவுச் சொல் இன்னொன்று 'சர்க்யூட்டஸ்': தருமபுரியிலிருந்து அரூருக்கு சேலம் வழியாகப் போனால் அந்த வழி 'சர்க்யூட்டஸ்'.

லத்தீன் இப்படி என்றால், கிரேக்கத்தில் வட்டத்துக்கு 'கிக்லோஸ்'. சைக்கிள், பைசைக்கிள் எல்லாம் அதன் வழி. புயலுக்கு 'சைக்ளோன்' என்ற பெயரைக் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1840களில் கொடுத்தார். காற்று சுழன்று வீசுவதைப் பார்த்து அதே கிரேக்க வேரிலிருந்து எடுத்தது. வேர் தெரிந்த சொல்லை மறப்பது கடினம். அதனால் வேர் பார்க்கும் நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

'ரிங்' சொல்லில் இலக்கணக் கேள்வியே ஒளிந்திருக்கிறது. மணி அடிக்கும் 'ரிங்' வேறு, வளைத்துச் சூழும் 'ரிங்' வேறு. முதலாவது ரிங், ரேங், ரங் என்று மாறும். இரண்டாவது ரிங், ரிங்டு, ரிங்டு. போலீஸ் வீட்டைச் சுற்றி வளைத்தது என்று எழுதும்போது 'ரேங்' போட்டால் பொருளே மாறிவிடும். வளைய வடிவத்துக்கு 'ஆன்யுலர்' என்று ஒரு சொல்லும் உண்டு. ஆண்டுதோறும் என்ற 'ஆன்யுவல்' பக்கத்து விருப்பமாக வந்து குழப்பும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் முழு வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? தருமபுரியில் நமக்குப் பகுதி கிரகணம்தான். அந்த வளையம்தான் 'ஆன்யுலர்'.

'ரவுண்ட்' பற்றி நீட்ட வேண்டியதில்லை. பெயர்ச்சொல், பெயரடை, வினை, வினையடை, முன்னிடைச்சொல் ஐந்தாகவும் வரும் என்பதைக் குறித்துக்கொண்டு, 'ரவுண்ட் தி கிளாக்' என்றால் இரவு பகலாக, 'ரவுண்ட் ஆஃப்' என்றால் முழு எண்ணாக்குவது என்று இரண்டு தொடரை எழுதிவைத்தால் போதும். வட்டமேசை மாநாடுகள் 1930 முதல் 1932 வரை மூன்று நடந்தன, அம்பேத்கருடன் இரட்டைமலை சீனிவாசனும் போயிருந்தார் என்பதை அதே பக்கத்தில் எழுதினால் வரலாற்றுக்கும் ஒரு வரி ஆச்சு.

நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் சொல், சுற்றிலும் உறவுகள், ஒவ்வொன்றின் கீழும் நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். வாக்கியம் நம் ஊரைப் பற்றி இருந்தால் நல்லது. முந்தைய ஆண்டுக் கேள்விகளில் அந்தக் குடும்பத்துச் சொல் எது வந்தாலும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

தேர்வு அறையில் இது எப்படி வேலை செய்யும் என்று ஒரு மாதிரிக் கேள்வி போட்டுப் பார்க்கலாம். 'ரொட்டண்ட்' என்ற சொல்லுக்குச் சினானிம் கேட்டு, 'பிளம்ப், ஸ்லெண்டர், ஆங்குலர், ஃபிரேஜைல்' என்று நான்கு விருப்பங்கள். இதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்த்ததே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'ரொட்டேட்' தெரியும், 'ரோட்டரி' தெரியும். 'ரோட்டா' என்றால் லத்தீனில் சக்கரம். அப்படியானால் உருண்டையான எதையோ குறிக்கிறது. கோணங்கள் கொண்ட 'ஆங்குலர்' அங்கேயே அடிபடும், ஒல்லியான 'ஸ்லெண்டர்' அடிபடும், எளிதில் உடையக்கூடிய 'ஃபிரேஜைல்' வடிவமே இல்லை. கொழுகொழுவென்ற 'பிளம்ப்' நிற்கும். இதே கேள்வியை ஆண்டனிம் (எதிர்ச்சொல்) என்று கேட்டிருந்தால் விடை 'ஸ்லெண்டர்'. அதனால் எதைக் கேட்கிறார்கள் என்று மேல் வரியைப் படித்துவிட்டே விருப்பங்களுக்கு இறங்குங்கள்.