வெள்ளை நாடா

நவம்பர் 27
ராத்திரி இரண்டரைக்கு அப்பா மறுபடியும் எழுந்துவிட்டார். பாத்ரூம் போக இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி "அவன் வந்தாச்சா?" என்றார். யாருப்பா என்று கேட்டால் பதில் இல்லை.

நவம்பர் 28
எனக்கும் தூக்கம் இல்லை.

நவம்பர் 30
அப்பா நடப்பதை இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். டைல்ஸ் சேரும் கோடு மேலேயே அடிமேல் அடி வைத்துப் போகிறார், கால் கொஞ்சம் விலகினாலும் அப்படியே நின்றுவிடுகிறார், நேற்று அரை மணி நேரம் ஹால் நடுவில் நின்றார். கையைப் பிடித்தால் "மிதிக்காதே!" என்று ஒரு அதட்டல். ஜட்ஜாக இருந்தபோது கோர்ட்டில் கூட அந்தக் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மறதி நோயில் இதெல்லாம் சகஜம் என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். சகஜமாம். 1971 பாகிஸ்தான் சண்டையில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுத்த ஆள் இவர் என்பதை அந்த டாக்டருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

டிசம்பர் 2
கண்ணி எடுத்த பாதையில் வெள்ளை நாடா கட்டுவோம் என்று சின்ன வயதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை பேண்டேஜ் துணியை நீளமாக ஒட்டினேன். அசையவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது, நாடா இரண்டு பக்கமும் வேண்டும். இன்னொன்றும் ஒட்டினேன், நடுவில் விறுவிறுவென்று போய்விட்டு வந்தார்.

டிசம்பர் 5
பென்ஷன் பேப்பர் தேடும்போது சேனா மெடல் கிடைத்தது. சிவப்பு ரிப்பன், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. பட்டாளத்தை விட்டு வந்து சட்டம் படித்து, 'கேப்டன் வக்கீல்' என்று பெயரெடுத்து, ஜட்ஜும் ஆகி, ஒரு நாள்கூட இதை எடுத்துக் குத்திக்கொண்டதில்லை.

அதே பெட்டியில் ஒரு பேனா. நிப் முறிந்திருக்கிறது. தூக்குத் தண்டனை எழுதிய ஜட்ஜுகள் நிப்பை முறித்துவிடுவார்கள், சட்டத்தில் இல்லை, வெறும் வழக்கம்தான். அப்பா எழுதியது ஒரே ஒரு தூக்கு, 1998-ல். முறித்தாரா, கீழே விழுந்து முறிந்ததா? அம்மாவைக் கேட்டால் தெரியும். அம்மா இல்லை.

டிசம்பர் 6
அண்ணன் போனில், "ஏதாவது ஹோம்ல விட்டுடலாமே." வைத்துவிட்டேன்.

டிசம்பர் 9
இந்த 'அவன்' யார்? அப்பாவுக்கு முன்னால் போன சாப்பர், கண்ணி எடுக்கும் சிப்பாய், யாரோ என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 1971 டிசம்பர் 15 ராத்திரி, கண்ணிகளை முழுதாக எடுத்து முடிக்கும் முன்பே பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் உள்ளே புகுந்தன, மறுநாள் அதில் ஒரு டாங்கியில் இருந்த அதிகாரி அருண் கேத்ரபால் செத்தார், 21 வயது. அப்பாவுக்கு 22. அந்த இருட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அப்பா வாய் திறந்ததே இல்லை. ஆனால் நேற்று "அவன் அப்பீல் என்னாச்சு?" என்று கேட்டார். அப்படியானால் இது அப்பா தூக்கு எழுதிய அந்த இன்னொருத்தன். செஷன்ஸ் கோர்ட் எழுதியதோடு தூக்கு முடிவதில்லை, ஏன் ஆயுள் போதாது என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 354(3)-ன்படி தனியாகக் காரணம் எழுத வேண்டியிருந்தது, அப்புறம் 366-ன்படி ஹைகோர்ட் உறுதி செய்தால்தான் உண்டு என்று இருந்தது. ஹைகோர்ட் ஆயுளாகக் குறைத்துவிட்டது. தான் எழுதிய காரணம் செல்லாது என்று மேலே சொல்லிவிட்டார்கள், வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். சேதி வந்த சாயங்காலம் அப்பா சுத்தமாக இருந்த ஸ்கூட்டரை வெளியே எடுத்துப்போட்டு இருட்டும் வரை கழுவிக்கொண்டிருந்தார். விசில் வேறு.

"ஆயுளா குறைச்சாச்சுப்பா" என்றேன். தலையாட்டினார். பத்து நிமிஷத்தில், "அவன் வந்தாச்சா?"

டிசம்பர் 12
இரண்டு இட்லி. என் பெயரைச் சொன்னார்!

டிசம்பர் 15
தேதி கேட்டார். 20 என்று பொய் சொன்னேன். சண்டை நின்றது 17 ராத்திரி. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப முடிஞ்சிருச்சு" என்று திரும்பிப் படுத்தார். ஒரு ஜட்ஜிடம் பொய் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 16
நாலு மணிக்குப் பார்த்தால் கட்டில் காலி. நாடா இரண்டையும் தரையிலிருந்து உரித்து, இறுக்கமாகச் சுருட்டி, தலையணை மேல் வைத்திருக்கிறார். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரம் எப்படி நடந்தார் என்று தெரியவில்லை. காபி வேண்டுமாம், இரண்டு டம்ளர். பால் வைத்திருக்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்